கம்ப்ரசர் போட்டு போர்வெல்லில் தண்ணீர் எடுப்பது: குழாயின் ஆழம், காற்றின் அளவு, கேஜ் சொல்லும் செய்தி

கம்ப்ரசர் வைத்த போர்வெல்லில் தண்ணீர் குறைவாக வந்தால் பெரும்பாலோர் முதலில் செய்வது இன்னும் பெரிய கம்ப்ரசர் வாங்குவது. பாதிக்கு மேற்பட்ட இடங்களில் அது வீண்செலவு. காற்று தண்ணீரை மேலே தள்ளுவதில்லை. தண்ணீர் மேலே வரும் டெலிவரிக் குழாயின் அடியில் நாம் காற்றை விடுகிறோம், குழாய்க்குள் நீரும் குமிழியும் கலந்து எடை குறைந்துபோகிறது. வெளியே கிணற்றில் நிற்கும் கனமான நீர், உள்ளே இருக்கும் அந்த லேசான கலவையை மேலே ஏற்றுகிறது. வேலை செய்வது வெளியே நிற்கும் நீரின் எடைதான். ஆகவே காற்று நுழையும் இடத்துக்கு மேலே எத்தனை மீட்டர் நீர் நிற்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1797இல் ஜெர்மனியின் கார்ல் லோஷர் காற்றுத் தூக்கல் என்ற இந்த யோசனையைச் சொன்ன நாளிலிருந்து கணக்கு இதேதான்.

முதலில் நான்கு அளவுகள்

கயிற்றில் கனமான குண்டைக் கட்டி இறக்கி, கிணற்றின் உண்மையான ஆழத்தைப் பாருங்கள். தோண்டியபோது சொன்ன ஆழத்தை நம்ப வேண்டாம். சேறு ஏறி அடியில் பத்து மீட்டர் குறைந்திருப்பது சாதாரணம். அடுத்து, பல மணி நேரம் தண்ணீர் எடுக்காமல் விட்டபின் இருக்கும் நீர்மட்டம். இதை நிலைமட்டம் என்போம். மூன்றாவது, நமக்கு வேண்டிய அளவு நீரைத் தொடர்ந்து எடுக்கும்போது மட்டம் எங்கே போய் நிற்கிறது என்பது. இது ஓடுமட்டம். நான்காவது, தண்ணீர் வெளியே விழும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்.

நான்கிலும் மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நிலைமட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் குழாய் இறக்கினால், முதல் பத்து நிமிடம் அருமையாகக் கொட்டும். பிறகு மட்டம் இறங்கி, விட்டுவிட்டுத் துப்ப ஆரம்பிக்கும். தற்காலிகமாக ஒரு பம்ப்பையோ காற்றையோ வைத்து இரண்டு மணி நேரமாவது ஓட்டி, வாளிக் கணக்கில் நீரை அளந்து, கூடவே மட்டத்தையும் பாருங்கள்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். ஆழம் 100 மீட்டர், உட்குறுக்களவு 100 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நிலைமட்டம் 18 மீட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் எடுத்தால் ஓடுமட்டம் 28 மீட்டர். தண்ணீர் விழும் வாய் தரைக்கு மேலே 2 மீட்டர்.

மூழ்கல் விகிதம்

ஓடுமட்டத்திலிருந்து விழும் வாய் வரை உள்ள உயரம் ஏற்றம். இங்கே 28 + 2 = 30 மீட்டர். காற்று நுழையும் இடத்திலிருந்து ஓடுமட்டம் வரை உள்ள நீர் மூழ்கல். காற்றைத் தரையிலிருந்து 78 மீட்டரில் விட்டால் மூழ்கல் 50 மீட்டர். இரண்டும் சேர்ந்து 80. அந்த 80இல் 50 என்பது 62.5 சதவீதம். இதுதான் மூழ்கல் விகிதம்.

60 முதல் 65 சதவீதம் நல்ல இடம். ஏற்றம் 15 மீட்டர் போலக் குறைவாக இருந்தால் 65-70 வரை போகலாம். ஏற்றம் 100 மீட்டரைத் தாண்டும் ஆழக் கிணறுகளில் 45-50 கிடைத்தாலே திருப்திப்பட வேண்டியதுதான், ஏனென்றால் அதற்கு மேல் போனால் அழுத்தம் தாங்காது. 40க்குக் கீழே இறங்கினால் நீர் வரலாம், ஆனால் மின்சாரத்தைக் கொளுத்தி எடுக்கும் நீர் அது.

ஒரு கனமீட்டர் நீரை 30 மீட்டர் ஏற்ற எத்தனை கனமீட்டர் காற்று வேண்டும் என்று பாருங்கள். வெளிக்காற்றின் அளவில் சொல்கிறோம், அழுத்தியபின் உள்ள அளவில் இல்லை.

விகிதம் 70 என்றால் 2.3
விகிதம் 60 என்றால் 3.0
விகிதம் 50 என்றால் 4.2
விகிதம் 40 என்றால் 6.4

70இலிருந்து 40க்கு வரும்போது காற்றுத் தேவை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. கம்ப்ரசரைப் பெரிதாக்குவதைவிட, இடம் இருந்தால் குழாயை 20 மீட்டர் கீழே இறக்குவது மலிவு என்று சொல்வது இதனால்தான்.

வேறு அளவுக்குக் கணக்குப் போட விரும்புவோருக்குச் சூத்திரம் இது. மூழ்கலோடு 10.4ஐக் கூட்டி 10.4ஆல் வகுக்கவும். வந்த எண்ணுக்கு 10ஐ அடியாகக் கொண்ட லாக் எடுத்து, அதை ஒரு மாறிலியால் பெருக்கவும். ஏற்றத்தை இந்த விடையால் வகுத்தால் ஒரு கனமீட்டர் நீருக்கான காற்று கிடைக்கும். எல்லா நீளமும் மீட்டரில். மாறிலி 70 சதவீதத்துக்கு 14.6, 60க்கு 13.7, 50க்கு 12.1, 40க்கு 10. நம் உதாரணத்தில் 62.5க்கு மாறிலி 13.9. லாக் 0.764. விடை 2.8. ஆகவே நிமிடத்துக்கு 100 லிட்டர் நீருக்கு 280 லிட்டர் காற்று. கசிவுக்கும் தேய்மானத்துக்கும் 20 சதவீதம் சேர்த்து 340 லிட்டர், அதாவது 12 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி).

கம்ப்ரசர்

கம்ப்ரசரின் பெயர்ப்பலகையில் இரண்டு எண்கள் இருக்கலாம். பிஸ்டன் இடப்பெயர்ச்சி என்பது சிலிண்டர் கணக்கு, அவ்வளவு காற்று வெளியே வராது. நமக்கு வேண்டியது ஃப்ரீ ஏர் டெலிவரி, அதாவது உண்மையில் வெளியே வரும் காற்று, வெளிக்காற்றின் அளவில். இடப்பெயர்ச்சி மட்டும் போட்டிருந்தால் அதில் 70 முதல் 75 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்தில் நல்ல பிஸ்டன் கம்ப்ரசர் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் தரும். நம் உதாரணத்துக்கு 3 எச்பி விளிம்பில் நிற்கும். அடுத்த அளவை எடுத்து, மோட்டார் புல்லியைச் சிறிதாக்கி மெதுவாக ஓட்டுவது நல்லது. மெதுவாக ஓடும் கம்ப்ரசர் சூடு குறைவு, ஆயுள் அதிகம்.

அழுத்தத்துக்கு நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: 10 மீட்டர் நீர், அதாவது 33 அடி, 1 கிலோ. தொடங்கும்போது காற்றுக் குழாயில் நிற்கும் நீரை முழுதும் வெளியே தள்ள வேண்டும். அதனால் தொடக்க அழுத்தம் நிலைமட்டத்தைப் பொறுத்தது. 78இலிருந்து 18ஐக் கழித்தால் 60 மீட்டர், ஆக 6 கிலோ. ஓட ஆரம்பித்தபின் மட்டம் 28க்கு இறங்குவதால் 5 கிலோ, குழாய் உராய்வுக்கு இன்னொரு 0.2. ஓடும் அழுத்தத்தை மட்டும் பார்த்து 5.5 கிலோ கம்ப்ரசர் வாங்கியவர்களுக்கு அது ஒரு நாளும் தொடங்காது. 7 அல்லது 8 கிலோ வரை போகும் இரண்டு நிலைக் கம்ப்ரசர் வேண்டும்.

சாதாரணக் கேரேஜ் வகைக் கம்ப்ரசர்கள் டேங்க் நிரம்பியதும் ஓய்வெடுக்கும்படி அமைந்தவை. கிணற்றில் அவற்றுக்கு ஓய்வே கிடையாது. தொடர் ஓட்டத்துக்கு என்று சொல்லி விற்கப்படும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் 40 நிமிடம் ஓட்டி 20 நிமிடம் நிறுத்துங்கள். ஏர் டேங்க் அவசியம் என்றில்லை. ஆனால் சிறியதாக ஒன்று இருந்தால் காற்றின் துடிப்பை அடக்கும், எண்ணெயையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

குழாய்கள்

டெலிவரிக் குழாய் பெரிதாக இருந்தால் தண்ணீர் அதிகம் வரும் என்று நினைப்பது இயல்பு. காற்றுத் தூக்கலில் அது பொய். குழாய் பெரிதானால் குமிழிகள் நீரை விட்டுவிட்டுத் தனியே ஏறிவிடும். சிறிதானால் உராய்வில் மூச்சுத் திணறும். ஏறத்தாழ இப்படி எடுத்துக்கொள்ளலாம். 25 மி.மீ. குழாய்க்கு நிமிடத்துக்கு 20-40 லிட்டர். 32க்கு 40-75. 40க்கு 65-130. 50க்கு 115-225. நமக்கு 40 மி.மீ. பொருந்துகிறது. காற்றுக் குழாய் 15 மி.மீ. போதும். 78 மீட்டர் நீளத்தில் அதன் இழப்பு 0.2 கிலோ அளவுதான்.

காற்றுக் குழாயை டெலிவரிக்கு வெளியே பக்கத்தில் ஓட்டலாம், அல்லது டெலிவரிக்கு உள்ளேயே இறக்கலாம். உள்ளே விட்டால் குறுகிய கிணற்றுக்கும் பொருந்தும், காற்றுக் குழாயை மட்டும் ஏற்றி இறக்கிச் சரிபார்க்கலாம். ஆனால் நீர் ஏறும் வழியை அது அடைக்கும். நம் உதாரணத்தில் காற்றுத் தேவை 280இலிருந்து 325 லிட்டருக்குப் போகும், கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடுதல். இடமிருந்தால் வெளியே விடுங்கள்.

பொருள் விஷயத்தில் ஒரு கண்டிப்பு: பிவிசிக் குழாயில் அழுத்தக் காற்றை ஓட்டாதீர்கள். தண்ணீர்க் குழாய் உடைந்தால் பீய்ச்சும், அவ்வளவுதான். காற்று நிறைந்த பிவிசி உடைந்தால் சில்லுகளாகச் சிதறும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயோ எச்டிபிஇ (கெட்டிப் பாலிஎத்திலீன்) சுருளோ பயன்படுத்துங்கள். எச்டிபிஇயின் அழுத்தத் தரம் 20 டிகிரி வெப்பத்துக்குச் சொல்லப்படுவது. 40 டிகிரியில் அதில் நான்கில் மூன்று பங்குதான் மிஞ்சும். கம்ப்ரசர் வாயிலிருந்து வரும் காற்று நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும் என்பதால், கம்ப்ரசரிலிருந்து முதல் 6 மீட்டருக்கு இரும்புக் குழாய் போட்டு ஆறவிட்டு, பிறகே எச்டிபிஇயில் சேருங்கள். 16 கிலோத் தரக் குழாய் எடுங்கள், 10இல் மிச்சம் பிடிக்க வேண்டாம். டெலிவரிக் குழாய் பெரிய அழுத்தத்தைத் தாங்க வேண்டியதில்லை, அதற்கு 6 கிலோத் தரம் போதும்.

அடியில் காற்றைக் கலக்கும் முனை

வெல்டிங் இல்லாமல் செய்யக்கூடிய வடிவம் இது. காற்றுக் குழாய் டெலிவரிக் குழாயின் வாயைத் தாண்டிக் கீழே இறங்கி, இரண்டு எல்போக்களால் யு போலத் திரும்பி, டெலிவரிக்கு உள்ளே மேல்நோக்கி 60 சென்டிமீட்டர் போகிறது. உள்ளே போகும் துண்டுக்கு 10 மி.மீ. குழாய் எடுத்தால் நீருக்கு வழி கிடைக்கும். அதன் மேல்முனையை மூடி போட்டு அடையுங்கள். மேல் 30 சென்டிமீட்டரில் சுற்றிலும் 3 மி.மீ. துளைகள் 38 போடுங்கள், ஒன்றுக்கொன்று விலகி இருக்கும்படி. துளைகளின் மொத்தப் பரப்பு காற்றுக் குழாயின் பரப்பைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 15 மி.மீ. குழாய்க்கு 38 துளைகள் அந்தக் கணக்குதான்.

துளைகள் டெலிவரி வாய்க்கு 30 சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும். வாய்க்கு அருகில் இருந்தால் குமிழிகளில் ஒரு பங்கு வெளியே தப்பித்து, கிணற்றுக்குள் சும்மா ஏறிப் போகும். அப்படிப் போகும் குமிழி வீணாவது மட்டுமில்லை. வெளியே இருக்கும் நீரையும் லேசாக்கி, நமக்கு வேலை செய்ய வேண்டிய எடையையே குறைக்கிறது.

துளைப் பகுதியின் மேல் சைக்கிள் ட்யூப் துண்டை உறைபோல மாட்டி, கீழ்முனையை மட்டும் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். காற்று வரும்போது ரப்பர் விரிந்து வழிவிடும். நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும், மணல் துளைக்குள் புகாது. வருடம் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். துளைகளை ஊசிமுனைபோல் நுண்மையாக்கினால் குமிழி சிறிதாகி நீர் அதிகம் வரும் என்று சிலர் மெனக்கெடுவதுண்டு. ஆழக் கிணற்றில் குமிழிகள் சில மீட்டர் ஏறுவதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். நுண்துளைகளால் மிஞ்சுவது அடைப்பு மட்டுமே.

இறக்குதல்

குழாய்களைத் தரையில் விரித்து, எல்லா மூட்டுகளையும் முடித்து, காற்றுக் குழாயில் தண்ணீரை நிரப்பி 8 கிலோ வரை அழுத்திச் சோதியுங்கள். இந்தச் சோதனையைக் காற்றால் செய்யாதீர்கள். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழியாத வண்ணத்தில் குறி போடுங்கள். இது பின்னால் மிகவும் உதவும்.

இரண்டு குழாய்களையும் 2 மீட்டருக்கு ஒருமுறை துருப்பிடிக்காத கம்பியாலோ நைலான் கட்டாலோ சேர்த்துக் கட்டுங்கள். மூட்டுகள் இரண்டும் ஒரே இடத்தில் வராமல் ஏற்ற இறக்கமாக அமையட்டும், இல்லாவிட்டால் குறுகிய கிணற்றில் அங்கேதான் சிக்கும். அடிமுனையில் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு. எச்டிபிஇ தண்ணீரில் மிதக்கும் பொருள், போதாததற்குக் காற்றுக் குழாயில் நீர் வெளியேறியதும் மீட்டருக்கு 130 கிராம் வீதம் மேலே இழுக்கும். 60 மீட்டருக்கு அது 8 கிலோ. டெலிவரி தொடங்கும்போது வரும் குலுக்கல் வேறு. ஆகவே அடியில் 15 கிலோவாவது இரும்பு எடை கட்டுங்கள், மேலே கேசிங் (கிணற்றின் வெளிக்குழாய்) வாயில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

கிணற்றின் அடிக்கும் குழாய் முனைக்கும் 3 முதல் 5 மீட்டர் இடைவெளி விடுங்கள். நம் உதாரணத்தில் 20 மீட்டருக்கு மேல் மிச்சம் இருப்பதால் கவலையில்லை.

மேற்பரப்பில் கம்ப்ரசரிலிருந்து வரிசை இப்படி: சேஃப்டி வால்வு, என்ஆர்வி (காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வு), எண்ணெயும் ஈரமும் பிடிக்கும் ஃபில்டர், காற்றைத் திறந்துவிடும் பைபாஸ் வால்வு, பிரஷர் கேஜ், பிறகு கிணறு. கேஜ் கிணற்றுப் பக்கமாக இருக்க வேண்டும். கம்ப்ரசர் தலையில் இருக்கும் கேஜ் நமக்குப் பயன்படாது. சேஃப்டி வால்வைத் தொடக்க அழுத்தத்துக்கு 10 சதவீதம் மேலே வையுங்கள். கம்ப்ரசர் வாய்க்கும் சேஃப்டி வால்வுக்கும் இடையில் எந்த வால்வும் கூடாது.

டெலிவரி வாயில் திடீர் வளைவு வேண்டாம். ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி. கிணற்று வாய்க்கு அருகிலேயே 200 லிட்டர் டிரம் வைத்து அதில் விழவிடுங்கள். காற்று மேலே போகும், தண்ணீர் கீழே குழாயில் வழியும். படுக்கைவாட்டில் நீண்ட குழாயை நேரே இணைத்தால் உள்ளே காற்றும் நீரும் பிரிந்து, சம்மட்டி அடிப்பதுபோல் குலுங்கும்.

மேல்நிலைத் தொட்டிக்கு நேரே ஏற்ற ஆசைப்படுவோர் கணக்கைப் பார்க்க வேண்டும். விழும் வாயை 2 மீட்டரிலிருந்து 12க்கு உயர்த்தினால் ஏற்றம் 40 ஆகிறது, மூழ்கல் அதே 50. விகிதம் 62.5இலிருந்து 55.6க்கு விழுகிறது, காற்றுத் தேவை 2.8இலிருந்து 4க்குப் போகிறது. டிரம்மில் விட்டு, அங்கிருந்து அரை எச்பி மோட்டாரால் ஏற்றுவதே லாபம்.

முதல் ஓட்டம்

பைபாஸைத் திறந்து வைத்து கம்ப்ரசரை ஓட விடுங்கள். வேகம் பிடித்ததும் பைபாஸை மெதுவாக மூடுங்கள். கேஜ் ஏறி 6 கிலோவில் நிற்கும். அங்கே நின்றவுடன் காற்று முனையை விட்டு வெளியே வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிறிது நேரத்தில் டெலிவரியில் நிற்கும் நீர் மொத்தமாகக் கொட்டும், பிறகு காற்றோடு சேர்ந்து வரும். டெலிவரி முனையைக் கட்டி வைத்திருங்கள், யாரும் எதிரே நிற்க வேண்டாம். கால் மணி முதல் அரை மணிக்குள் கேஜ் மெல்ல இறங்கி 5க்கு அருகில் நிலைக்கும்.

இனி காற்றைச் சரிசெய்யலாம். டிரம் நிரம்பும் நேரத்தை அளந்துகொண்டே பைபாஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றைக் குறையுங்கள். நிமிடத்துக்கு 100 லிட்டர் என்றால் 200 லிட்டர் டிரம் 2 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். காற்று மிகவும் குறைவாக இருந்தால் நீர் வாய்வரை வந்து திரும்பிப் போகும். கூட்டக் கூட்ட நீர் ஏறும், ஒரு உச்சத்தைத் தொடும், அதற்கு மேலும் காற்றைக் கூட்டினால் நீர் குறையும். அப்போது குழாயின் நடுவே காற்று ஓடும், நீர் சுவரோரம் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துவது சிக்கனம். பைபாஸ் நிரந்தரமாகத் திறந்தே இருக்க வேண்டியிருந்தால், புல்லியை மாற்றிக் கம்ப்ரசரின் வேகத்தைக் குறையுங்கள். திறந்த பைபாஸில் போவது நீங்கள் காசு கொடுத்த காற்று.

கேஜைப் படிப்பது

நீருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் பம்ப்பில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. காற்றுக் குழாயே மட்டம் அளக்கும் கருவி. கேஜில் தெரியும் கிலோவைப் பத்தால் பெருக்கினால், காற்று வெளியேறும் இடத்துக்கு மேலே எத்தனை மீட்டர் நீர் நிற்கிறது என்று தெரியும். அதை 78இலிருந்து கழித்தால் நீர்மட்டம். தொடக்கத்தில் 6 காட்டினால் நிலைமட்டம் 18. ஓடும்போது உராய்வு நீக்கி 5 என்றால் ஓடுமட்டம் 28. துல்லியமாக வேண்டுமானால் பைபாஸால் காற்றை மிகவும் குறைத்துவிட்டு உடனே படிக்க வேண்டும், அப்போது உராய்வு கணக்கில் வராது. வாரம் ஒருமுறை இந்த இரண்டு எண்ணையும் குறித்து வையுங்கள்.

தொடக்க அழுத்தம் மாதந்தோறும் இறங்கினால் நிலத்தடி நீர் இறங்குகிறது. தொடக்க அழுத்தம் அப்படியே இருந்து ஓடும் அழுத்தம் மட்டும் இறங்கினால் கிணற்றின் ஊற்றுக்கண்கள் அடைபடுகின்றன, கிணற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டும் மாறாமல் நீர் மட்டும் குறைந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது அல்லது டெலிவரிக் குழாயில் ஓட்டை.

கேஜ் 6க்குப் போகாமல் 3.2இலேயே நின்று, நீரும் வராமல், கிணற்று வாயில் கொதிப்பதுபோல் சத்தம் கேட்டால் காற்றுக் குழாய் உடைந்திருக்கிறது. எங்கே என்பதையும் அந்த எண்ணே சொல்லும்: நிலைமட்டம் 18, அதோடு 32, ஆக 50 மீட்டர் ஆழத்தில். நீங்கள் போட்ட வண்ணக் குறி இப்போது கைகொடுக்கும். பழைய நிலைமட்டத்தை நம்பாமல், அன்றைய மட்டத்தைக் கயிற்றால் அளந்து கணக்கிடுங்கள்.

கேஜ் 6ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போய் சேஃப்டி வால்வு திறந்தால் துளைகள் அடைந்துவிட்டன அல்லது எச்டிபிஇ எங்கோ மடிந்திருக்கிறது. மழைக்குப் பின் இப்படி ஆனால் பதற வேண்டாம், நிலைமட்டம் உயர்ந்து தொடக்க அழுத்தமே கூடியிருக்கலாம். மட்டம் 8 மீட்டருக்கு ஏறினால் தொடக்க அழுத்தம் 7 கிலோ ஆகிவிடும். உள்ளே விட்ட காற்றுக் குழாயானால் பத்து மீட்டர் மேலே தூக்கி, தொடங்கியபின் இறக்கலாம். வெளியே கட்டியதில் அந்த வசதி இல்லை, கம்ப்ரசரின் உச்ச அழுத்தத்தில் முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும்.

ஊற்றுக் குறைந்த கிணற்றுக்கு இந்த கேஜ் இருக்கும் இடத்திலேயே ஒரு பிரஷர் ஸ்விட்ச் பொருத்தலாம். 4 கிலோவுக்குக் கீழே இறங்கினால் மோட்டார் நிற்கும்படி வைத்தால், மட்டம் 38ஐத் தாண்டும்போது, அதாவது விகிதம் 50க்குக் கீழே போகும்போது, தானாக நின்றுவிடும். தொடங்கும்போது அழுத்தம் ஏற நேரம் வேண்டும் என்பதால் முதல் 2 நிமிடத்துக்கு ஸ்விட்சை ஒதுக்கிவைக்க ஒரு டைமர் தேவை.

தண்ணீரின் தரம்

தண்ணீர் பால்போல் வெளுத்து வந்தால் அது நுண்குமிழி. கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள், கீழிருந்து மேலாகத் தெளிந்தால் பயமில்லை. தெளியாமல் அடியில் படிந்தால் களிமண். இரும்புச் சத்துள்ள நீர் காற்றோடு கலந்ததும் செம்பழுப்பாக மாறித் தொட்டியில் படியும். டிரம்மில் ஒரு நாள் நிற்கவிட்டு எடுத்தால் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். ஆனால் அதே படிவு டெலிவரிக் குழாயின் உட்சுவரிலும் ஏறும்.

எண்ணெய்தான் உண்மையான தொந்தரவு. எண்ணெய் போடும் பிஸ்டன் கம்ப்ரசரில் ரிங் தேய்ந்தால் எண்ணெய் ஆவி காற்றோடு கிணற்றுக்குள் போகும். நீரின் மேல் வானவில் படலம் தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். குடிநீர்க் கிணற்றுக்கு எண்ணெயில்லாக் கம்ப்ரசரே முறை. டீசல் எஞ்சினால் ஓட்டினால் காற்று உறிஞ்சும் வாயை எஞ்சின் புகைக்கு எட்டாத இடத்துக்குக் குழாய் போட்டு நீட்டிவிடுங்கள்.

டேங்கிலும் ஃபில்டரிலும் சேரும் நீரைத் தினமும் வடியுங்கள். எண்ணெய் மட்டம் தினமும், காற்று ஃபில்டர் வாரந்தோறும். பெல்ட் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்க வேண்டும். கழற்றும் முன் கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததா என்று பாருங்கள். மோட்டார் நின்றாலும் குழாயில் 6 கிலோ காத்துக்கொண்டிருக்கும்.

எங்கே இது பொருந்தாது

சிக்கனம் மட்டுமே நோக்கமென்றால் சப்மெர்சிபிள்தான். நம் உதாரணத்தில் நீர் பெறும் ஆற்றல் 490 வாட், கம்ப்ரசர் எடுப்பது 2.2 கிலோவாட்டுக்கு மேல், ஆக 20 சதவீதம் சொச்சம். நல்ல சப்மெர்சிபிள் இதைப் போல இரண்டு மடங்கு திறன் தரும். காற்றுத் தூக்கல் பயன்படுவது மணல் தள்ளும் கிணறு, வளைந்த துளை, சப்மெர்சிபிள் இறங்காத குறுகிய துளை, அடிக்கடி வற்றி ஊறும் ஊற்று, ஒரே கம்ப்ரசரை மாற்றி மாற்றி ஓட்டக்கூடிய பல கிணறுகள் ஆகிய இடங்களில்தான். கிணற்றுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை, நீர் வற்றினாலும் எரிய ஒன்றும் இல்லை.

அடியில் நீர் பத்து மீட்டர்கூட நிற்காத கிணற்றில் எத்தனை பெரிய கம்ப்ரசர் வைத்தாலும் பயனில்லை. காற்றையே பயன்படுத்த வேண்டுமென்றால் அங்கே வேறு முறை: அடியில் வால்வுள்ள மூடிய உருளையை இறக்கி, நீர் நிரம்பியதும் மேலிருந்து காற்றை அழுத்தி, இன்னொரு வால்வு வழியாக நீரை மேலே தள்ளுவது. இதில் காற்று நீரோடு கலப்பதில்லை, உண்மையிலேயே தள்ளுகிறது. மூழ்கல் தேவையில்லை, உருளை நனைந்தால் போதும். அழுத்தம் மட்டும் ஏற்றத்துக்கு ஈடாக வேண்டும். 60 மீட்டர் ஏற்ற 6 கிலோவும் உராய்வுக்குக் கொஞ்சமும். ஒவ்வொரு முறையும் உருளையில் இருக்கும் காற்றை வெளியே விட்டு மறுபடி நிரப்ப வேண்டியிருப்பதால் நீர் விட்டுவிட்டுத்தான் வரும், காற்றை மாற்றிவிடும் வால்வுக்கு டைமர் வேண்டும்.